உப்பில் கழுவிய எஞ்சின்

பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைக் கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு மெத்தை போடுவதும் பக்கவாட்டில் பெயர் எழுதுவதும் அப்புறம். கடலில் ஓடிவந்த எஞ்சினுக்குள் உப்பு தங்கும். பாதியாக வெட்டிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, படகின் பின்னால் தொங்கும் எஞ்சினின் கால் பகுதியை அதில் இறக்கி, சூடேறும்வரை ஓடவிட வேண்டும். இவ்வளவுதான். இதை என் அண்ணன் அத்மானுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை, சார்.

நான் மொம்பாசாவில் இயந்திரப் பொறியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். லாமுவில் ஒரு விடுதிக்காரன் தள்ளிவிட்ட படகை அண்ணன் பாத்தே தீவுக்குக் கொண்டுவந்தபோது, இனி எஞ்சின் என் பொறுப்பு என்று நினைத்தேன்.

தீவில் குடிக்க மழைநீர்த் தொட்டிதான். அதிலிருந்து எஞ்சினுக்கு மொண்டதும் தொட்டியடிப் பெண்கள் ஆரம்பித்தார்கள்.

"மெஜூமா எஞ்சினுக்குக் கை கால் கழுவி உளூ செஞ்சு வைக்கிறாடி. நாளைக்கு அது தொழப் போகுது."

"படிப்பு முத்திப்போச்சு. காலாகாலத்துல கட்டிக்குடுத்திருந்தா சரியாயிருக்கும்."

அண்ணன் மனைவி மிஷி மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு எனக்காகக் குடம் தூக்கி வந்தாள். நல்லவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படகை நானே ஓட்டுகிறேன் என்று அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன்.

"நீ ஓட்டினா எவன்டி ஏறுவான்? சாயந்தரம் கழுவி வை, போதும். பானை கழுவுற வேலைதானே."

கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து டிரம்மில் கடல்நீரை நிரப்பினேன். கேட்டவர்களிடம் தூரத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றேன். பெண்களின் வாய் மூடியது. ஒருநாளும் தவறாமல் சூடேறும்வரை ஓடவிட்டேன். உப்புத்தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் என்ன தங்கும் என்பது பானை கழுவுகிற எவளுக்கும் தெரியும். அண்ணன் வருவான், எட்டிப் பார்ப்பான், தலையாட்டிவிட்டுப் போவான். விரலை நனைத்து நாக்கில் வைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். வைக்கவில்லை.

எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. அதில் நீர் பீய்ச்சி அடித்தால் எஞ்சின் குளிர்கிறது என்று அர்த்தம். தெற்குக் காற்று பலத்த சமயம் அந்தத் தாரை மெலிந்தது.

"என்னடி, கிழவன் ஒண்ணுக்குப் போற மாதிரி சொட்டுது?"

"சின்ன அடைப்புண்ணே. எடுத்துடறேன்."

கம்பியால் துளையின் வாயை மட்டும் குத்திவிட்டேன். தாரை பழையபடி பாய்ந்தது. உள்ளே உப்பு அப்படியே இருந்தது.

"படிச்ச புள்ளன்னா சும்மாவா," என்று முதுகில் தட்டினான். எனக்கு அது போதவில்லை.

அந்த வாரமே மிஷிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, லாமு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள் நர்ஸ். கரையில் வேறு படகுகளும் நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏறும்போது மிஷி என் கையைப் பிடித்தாள்.

"எஞ்சின் நல்லாருக்கா மெஜூமா? நீ சொன்னா எனக்குப் பயமில்ல."

அந்த வீட்டில் என்னிடம் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"நல்லாருக்கு. ஏறுங்க மதினி."

அலை உடைகிற இடத்தில் எஞ்சின் இறுகி நின்றது. படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அண்ணன் நீந்திக் கரையேறினான். மிஷியை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்தபின், மீட்டு வந்த எஞ்சினைக் கரையில் வைத்துக் கழற்றினேன். நீர் ஓடும் வழிகளில் கல்லாகியிருந்த உப்பைச் சுரண்டிக் காட்டினேன். நான் ஊற்றியது கடல்நீர் என்பதையும், தெரிந்தேதான் அவளை ஏற்றிவிட்டேன் என்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை அத்தனை ஆண்களும் நின்று கேட்டார்கள். அண்ணன்கூட.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் இப்போது தீவில் எல்லோரும் நல்ல தண்ணீரில்தான் கழுவுகிறார்களாம். மிஷி இருந்திருந்தால் எனக்காக ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாள்.