கை மட்டும்தான் பாக்கி

...உங்க கோட்டு முடிஞ்சாப்பலதான் ஐயரே, கை மட்டும்தான் பாக்கி. நாளைக்கு உங்களுக்கு டில்லி ரயில்னு இந்த மெஹபூப் அலிக்குத் தெரியாதா? குந்துங்கோ. அந்த ஸ்டூல் வாணாம், அது ஆடும். இப்பிடி வெட்டு மேஜை மேலயே குந்துங்கோ, எம் பொண்ணுக்குப் பக்கத்துல. மெதுவா... கால் மேல குந்திடப் போறீங்கோ. தவளையாட்டம் விரிச்சிக்கினு கீறா பாருங்கோ, நாலு பேர் எடத்துல.

இன்னா பண்றது? இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. தூளியில அடங்கலை. ட்ராம்ல ஏத்தினா கண்டக்டர் மொறைக்கிறான். இவளுக்கு அடங்கின எடம் இந்த மேஜை ஒண்ணுதான். அப்ப நான் எங்க துணி வெட்டறது, நீங்களே சொல்லுங்கோ.

எல்லாம் எம் பொஞ்சாதி அன்வரியால வந்தது. பெருநாளைக்கு இந்த ஷாகிராவுக்கு ஒரு பைஜாமா தெச்சேன். போட்டுப் பாத்தா ஒரு பக்கம் தரையில இழுவுது. ஊருக்கெல்லாம் தெக்கறே, பெத்த பொண்ணுக்கு ரெண்டு காலை ஒண்ணா வெக்கத் தெரியலையான்னு கேட்டா. முப்பது வருசமா கத்திரி புடிச்சவன் ஐயரே, வுடுவேனா? டேப்பை எடுத்துப் பைஜாமாவை அளந்தேன். சரியாத்தான் கீது. அப்பாலதான்... கொழந்தையை அளந்தேன். எடது காலு அரை விரக்கடை கம்மி.

டாக்டர் பாத்தார். தொடை எலும்பு இடுப்புக் குழியில குந்தாம நழுவிக்கினு கீதாம். இப்பவே உள்ள தள்ளிக் கட்டுப் போட்டு ஆறு மாசம் வெச்சா நேரா நடப்பா, வுட்டா ஆயுசுக்கும் சாஞ்சு சாஞ்சுதான்னார். போடுங்கோன்னேன். போட்டார். ஆனா அந்த வேலைப்பாடு கீதே... படிப்பெல்லாம் சரி, அவருக்குக் கட்டிங் வரலை. தொடை ஓரத்துல புடிக்குது, கொழந்தை அழுவுது. சட்டை அக்குள்ல புடிச்சா நாம இன்னா பண்றோம்? லேசா வெட்டி வுடறோம். அதைத்தான் பண்ணேன். துளியூண்டு வெட்டு. கத்திரி மாட்டிக்கிச்சு, சரின்னு ஒரு அழுத்து அழுத்தினேன்... முட்டி வரைக்கும் பிளந்துகிச்சு.

டாக்டர் கத்துவார்னு போனேன். கத்தலை. புதுக்கட்டு போட்டுக் கையைத் தொடைச்சிக்கினே சொன்னார், "இதுவும் ஒடைஞ்சாலோ நனைஞ்சாலோ, அப்பறம் எங்கிட்ட வராதே." ஒண்ணாம் நாள்லேர்ந்து மறுபடி எண்ணிக்கினு கீறோம்.

அதுலேர்ந்து நான் கத்திரியைத் தொட்டா அன்வரி வந்து பக்கத்துல நிக்கறா. இவ ஒண்ணுக்குப் போறத்துக்கு முன்னாடி மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிக்கணும், துணியச் சொருகணும். பாதி நாள் அந்தக் காவல்தான். கோட்டு எங்க ஓடும்?

வரேன், அதுக்குத்தான் வரேன். வெள்ளிக்கெழம அந்த மழை இல்ல? ஓடு ஒழுகிச்சு. கடையில இத்தினி எடம் கீது, நேரா இவ காலு மேல. அன்வரி மார்க்கெட்டு போய்க்கீறா. கையில கெடைச்சதைத்தானே போடுவேன்? நல்ல கம்பளி, தண்ணி சட்டுனு எறங்காது. அதுவும் கோட்டுக் கைக்கு முழங்கை எடத்துல ஒரு வளைவு குடுத்துத்தான் வெட்டுவோம். கட்டுல இவ முட்டி மடிஞ்சிக்கினு கீதா, அளவெடுத்தாப்பல போய் குந்திக்கிச்சு. ஒரு சொட்டு நனையலை...

ஏன் ஐயரே அப்பிடிப் பாக்கறீங்கோ?

ஆமா. அந்தப் பட்டனும் நீங்க வாங்கியாந்ததுதான். ஆனா கத்திரி வெக்கலை, சத்தியமா. மடிச்சுத்தான் வெச்சிருக்கேன். ஓடு இன்னும் ஒழுகுது, அதான் உருவலை. சித்திரையில கட்டைப் பிரிச்சதும் ரெண்டு கையையும் டில்லிக்குப் பார்சல் போட்டுடறேன். அப்ப அங்க வெயில் கொளுத்துமா? அது வேற பேச்சு. அதுவரைக்கும் கையில்லாம போடுங்கோ, வெள்ளைக்காரனே போடறான், குளிர் நெஞ்சுலதான் புடிக்கும்.

கோவமா எழுந்திரிக்காதீங்கோ, வேட்டியைப் புடிச்சிக்கினு கீறா. சரி, வேணும்னா உருவிக்கோங்கோ. நான் தடுக்கலை. நீங்களே உருவுங்கோ... மெதுவா, கட்டு...

இன்னா ஐயரே, பட்டனை மாட்டி வுடறீங்கோ?

...அந்தக் காலுலயும் ஒண்ணு கழண்டு கீது பாருங்கோ.