வலது பக்கம் வருதா, மாப்பிள்ளை?

மச்சான்: இப்ப வருதா மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: வருது மச்சான்.

மச்சான்: ரெண்டு காதுலயும்?

மாப்பிள்ளை: ரெண்டு காதுலயும். கணீர்னு.

மச்சான்: வலது?

மாப்பிள்ளை: வலதுதான் கொஞ்சம் தூக்கலாவே இருக்கு.

மச்சான்: அப்படியா... வலது வயர் இன்னும் என் கையிலதான் இருக்கு. இதோ. ஆட்டறேன் பாருங்க.

மாப்பிள்ளை: எதிரொலியா இருக்கும் மச்சான். ஹால் காலியா கிடக்குல்ல. சோஃபாவே இனிமேதான் வாங்கணும்.

மச்சான்: ஹெட்ஃபோனுக்குள்ள எதிரொலி.

மாப்பிள்ளை: கொஞ்சம் நல்ல ஹெட்ஃபோன்.

மச்சான்: ஹெட்ஃபோனே வேண்டாம்னேன். புது டிவி, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கு...

மாப்பிள்ளை: கீழ்வீட்டுக்காரர் சத்தம் ஆகாதவர் மச்சான். துடைப்பக்கட்டையால கீழேருந்து இடிப்பார். ஆமா, கேக்கணும்னு நினைச்சேன்... கீபோர்டை மட்டும் கொண்டாந்திருக்கீங்களே, கம்ப்யூட்டர் எங்க?

மச்சான்: கீபோர்டுதான் கம்ப்யூட்டர்.

மாப்பிள்ளை: முழுசும் இதுக்குள்ளயா?

மச்சான்: முழுசும். நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப அப்பா வாங்கித் தந்தது. நடுவுல இந்த டப்பா எதுக்குன்னா, பழைய படத்தைப் புது டிவிக்குப் புரியற மாதிரி மாத்தித் தரும்.

மாப்பிள்ளை: மொழிபெயர்ப்பாளர் மாதிரி.

மச்சான்: அதே. சத்தத்துக்கு மட்டும் தனி வயர். இடது, வலது பிரிஞ்சு வரணும்னா அப்படித்தான். கடையில கிடைக்காது. படத்துக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேபிளும் நானே உக்காந்து சால்டர் பண்ணினது.

மாப்பிள்ளை: கைவேலைன்னு பார்த்தாலே தெரியுது மச்சான்.

மச்சான்: டிவியில படம் எப்படி? விளையாட்டு மைதானம் தெரியுதா?

மாப்பிள்ளை: படம்... மைதானம் செழிப்பா இருக்கு.

மச்சான்: பசேல்னு இருக்குல்ல?

மாப்பிள்ளை: செழிப்பா இருக்கு மச்சான்.

மச்சான்: இப்படி மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லணும். அதுதான் எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். பத்திரிகை அடிச்சு, பாதி ஊருக்குக் குடுத்தாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, தலையில இருக்கறது விக்.

மாப்பிள்ளை: முடி இல்லைங்கறதுக்காகவா நிறுத்தினீங்க?

மச்சான்: முடி கிடக்கட்டும். சொல்லலையே! ஒரு குறையை மறைச்சுட்டு என் தங்கச்சி கழுத்துல மாலை போடவா? நானே போய் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை: நியாயம்தான்...

மச்சான்: உங்களுக்கும் பத்திரிகைதான் அடிச்சிருக்கு. இன்னும் கல்யாணம் ஆகலை.

மாப்பிள்ளை: ஞாபகம் இருக்கு மச்சான்.

மச்சான்: சரி, வலதையும் மாட்டிட்டேன். விளையாட்டைப் போடறேன். பந்து எந்தப் பக்கம் போகுதோ அந்தக் காதுலதான் டொக்குனு கேக்கணும். சொல்லிக்கிட்டே வாங்க.

மாப்பிள்ளை: இடது... வலது... இடது... வலது.

மச்சான்: தப்பாம வருதா?

மாப்பிள்ளை: ஒரு டொக்கு கூடத் தப்பலை.

மச்சான்: கொண்டாங்க, நானும் ஒரு தடவை கேட்டுடறேன். எத்தனை வருஷமாச்சு...

மாப்பிள்ளை: எதுக்கு மச்சான், அதான் நான் கேட்டுட்டேனே...

மச்சான்: குடுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: இந்தாங்க...

மச்சான்: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: சொல்லுங்க மச்சான்.

மச்சான்: பந்து இடதுல போறப்ப வலது காதுல கேக்குது. வலதுல போறப்ப இடதுல கேக்குது. நீங்க எதை வெச்சு சொன்னீங்க?

மாப்பிள்ளை: பந்தை வெச்சு.

மச்சான்: காதை?

மாப்பிள்ளை: வலது காது... கேக்காது மச்சான். சின்ன வயசுலேருந்தே. இடது ஒண்ணுதான்.

மச்சான்: புகார் பிரிவுலதானே வேலை பார்க்கறீங்க?

மாப்பிள்ளை: ஆமா. புகாரோட வர்றவங்களை வலப்பக்கம் உக்கார வெப்பேன். ரொம்பப் பொறுமையாக் கேக்கறார்னு ஆபீஸ்ல நல்ல பேரு.

மச்சான்: சிரிப்பு வரலை மாப்பிள்ளை. இவ்வளவு நேரம் பேசினோம். விக் கதையெல்லாம் சொன்னேன். அப்பகூட வாயைத் திறக்கலையே?

மாப்பிள்ளை: விக் கதை கேட்டதாலதான் திறக்கலை.

மச்சான்: நான் இப்ப என்ன பண்றது? உள்ள ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கிட்டிருக்கா ஒருத்தி. அவகிட்ட என்னன்னு சொல்றது?

மாப்பிள்ளை: மச்சான், ஒரே ஒரு சந்தேகம். சத்தம் ஏன் மாறி வருது?

மச்சான்: பேச்சை மாத்தாதீங்க.

மாப்பிள்ளை: இல்ல, நீங்களே சால்டர் பண்ணதாச்சே...

மச்சான்: என் வேலையில தப்பிருக்காது. முனையைக் கழட்டிக் காட்டறேன். பாருங்க, இது சிவப்பு வயர், வலதுக்கு. இது பச்சை, இடதுக்கு.

மாப்பிள்ளை: எது சிவப்பு?

மச்சான்: இதான்.

மாப்பிள்ளை: அது பச்சை மச்சான். சரி, மைதானம் என்ன நிறம்?

மச்சான்: மைதானம்னா பச்சைதானே மாப்பிள்ளை. இதென்ன கேள்வி.

மாப்பிள்ளை: சிவப்பு. குங்குமத்தைக் கொட்டின மாதிரி. வந்ததுலேருந்து அப்படித்தான் இருக்கு.

மச்சான்: செழிப்பா இருக்குன்னீங்க?

மாப்பிள்ளை: வேற என்ன சொல்றது?

மச்சான்: மெதுவாப் பேசுங்க...

மாப்பிள்ளை: நீங்க பெயிண்ட் கடைதானே வெச்சிருக்கீங்க?

மச்சான்: டப்பா மேல எழுதியிருக்கும் மாப்பிள்ளை. படிக்கத் தெரியும்ல எனக்கு.

மாப்பிள்ளை: லேபிள் கிழிஞ்சு போச்சுன்னா?

மச்சான்: ஒரு தடவை கிழிஞ்சுது. அந்த வீட்டுக்காரர் இப்ப ரோட்டுல பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடறார்.

மாப்பிள்ளை: இது உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?

மச்சான்: யாருக்குமே தெரியாது. எல்லாத்தையும் கண்டுபிடிக்கறவ... இதை மட்டும் விட்டுட்டா.

மாப்பிள்ளை: அப்ப ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம் மச்சான். என் காதை நீங்க மறந்துடுங்க. உங்க கண்ணை நான் மறந்துடறேன்.

மச்சான்: கல்யாணம்?

மாப்பிள்ளை: பத்திரிகையில போட்டபடி.

மச்சான்: ...மைதானம்?

மாப்பிள்ளை: ரெண்டு கேபிள்லயும் சிவப்பையும் பச்சையையும் மாத்தி ஒட்டுங்க. நான் நிறம் சொல்றேன், நீங்க சத்தம் சொல்லுங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்தா ஒரு முழு ஆளு.

மச்சான்: அவ காதுக்குப் போகக் கூடாது.

மாப்பிள்ளை: போகவே போகாது.

தங்கை: எது போகக் கூடாது?

மச்சான்: ஒண்ணுமில்லம்மா. வயர்... கரண்ட்... போகக் கூடாத இடத்துல...

தங்கை: விடுண்ணா. நீங்க பேசினது கீழ்வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும். உனக்கு நிறம் தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். பச்சைப் பாவாடை கேட்டு அழுதேன், போய் சிவப்பு வாங்கிட்டு வந்து, பச்சைன்னு சத்தியம் பண்ணினியே.

மச்சான்: அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

தங்கை: பாவமா இருந்துச்சு. அதையே கட்டிக்கிட்டேன்.

மாப்பிள்ளை: அப்ப... என் விஷயம்?

தங்கை: நீங்க பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே தெரியும்.

மாப்பிள்ளை: எப்படி?

தங்கை: மொட்டைமாடியில உங்க வலப்பக்கம் நின்னு ஒண்ணு சொன்னேன். யாரு கேட்டாலும் செருப்பை மாட்டிட்டுக் கிளம்பியிருப்பாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க.

மாப்பிள்ளை: தெரிஞ்சுமா சம்மதிச்சீங்க?

தங்கை: தெரிஞ்சதாலதான் சம்மதிச்சேன். இந்த மாதிரி ஆளு மறுபடி கிடைக்குமா?

மாப்பிள்ளை: அப்படி என்னதான் சொன்னீங்க?

தங்கை: கல்யாணத்துக்கப்புறம் அண்ணனும் நம்மகூடத்தான் இருப்பார்னு. தலையாட்டினது மட்டுமில்ல. "ரொம்ப சந்தோஷம்"னு வேற சொன்னீங்க.

மாப்பிள்ளை: மச்சான்... சும்மா ஓட்டிப் பார்க்கத்தானே இதை என் டிவியில மாட்டினீங்க?

மச்சான்: ஆமா மாப்பிள்ளை, ஓட்டிப் பார்க்கத்தான். இது சரியா ஓடிச்சுன்னா, கீழ வண்டியில நிக்கற மிச்ச சாமானையும் மேல ஏத்திடலாம்னு.