வெள்ளக் கல்லு ஏழு

சார், சார், அங்கயே நில்லுங்க. கால எடுத்து வைக்காதீங்க. அந்தக் கம்ப ஊனாதீங்க, கையிலயே வச்சுக்கங்க. நானா? இந்த நெலத்துக் காவக்காரன், வீரமலை. நெலம் அளக்க ஆபீசரு வருவாருன்னு மொதலாளி சொன்னாரு. வண்டிப்பாதையில வருவீங்கன்னு பாத்தா, குறுக்க எறங்கிட்டீங்களே.

பாம்பா? பாம்புக்கா இந்தக் கத்து கத்துவேன்! சண்டைக் காலத்துல பட்டாளத்தான் குண்டு போட்டுப் பழகுன எடம் சார் இது. அந்தா தெரியுது பாருங்க இடிஞ்ச செவரு, அது அவன் கட்டுனதுதான். போறப்ப எல்லாத்தையும் பொறுக்கிட்டுத்தான் போனான். வெடிக்காம மண்ணுக்குள்ள எறங்குனது மட்டும் மூணு. குருட்டுக் குண்டும்பாங்க. அதுங்கள ஒண்ணும் பண்ணல. பக்கத்துல ரெண்டு, ரெண்டு, மூணுன்னு கல்லு நட்டு, வெள்ளையடிச்சு, யாரும் மிதிக்காதீங்கன்னு அடையாளம் வச்சுட்டுப் போயிட்டான்.

திரும்பாதீங்க. வந்த காலடி மண்ணுல தெரியுதுல்ல? அது மேலயே பின்னால வைங்க. ஆங், அப்படித்தான். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க தரையப் பாருங்க.

கல்லா? வேம்படியில மஞ்சத் துணி கட்டி ஏழு கல்லு இருந்துச்சே, நீங்ககூடச் செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டீங்களே, அதான். வெள்ளையா ஏழு கல்லப் பாத்தா எங்கூருப் பொம்பளைங்களுக்கு அது கன்னிமாரு. எம் பொஞ்சாதி வள்ளிக்கண்ணு வெறகு பொறுக்க வந்தவ, சாமி வெயில்ல கெடக்கேன்னு ஒவ்வொண்ணாத் தலையில சொமந்து வேம்படிக்குக் கொண்டாந்துட்டா. நான் அப்ப பொன்மலையில கட்டட வேலை. வந்து பாத்தா குங்குமம், வெளக்கு, ஊரே நிக்குது. ஒம்போது வருசமா வயித்துல ஒண்ணும் தங்காதவ, அந்த மாசம் முழுகாம இருக்கா. எப்படிங்க வாயத் தொறக்குறது?

எடது பக்கம் சாயாதீங்க சார்!

ஒரு குண்டுல எங்கூரு மருதையோட எருமை போச்சு. அடுத்ததுல ராமரு, வள்ளிக்கண்ணோட தம்பி. ஈயம் கெடைக்கும்னு தோண்டுனான். செருப்புக் காலோட போனான், கன்னிமாரு அடிச்சுட்டாங்கன்னு ஊருல பேச்சு. அவளும் அதத்தான் நம்புறா. வெள்ளிக்கெழமை தவறாம தம்பிக்காக மாப்புக் கேட்டு வெளக்குப் போடுறா.

மூணாவதா? ஒத்தப் பனைக்கு மேக்க. பனையத்தான் வெட்டிட்டாங்களே.

இன்னும் ரெண்டடி. கையக் குடுங்க. அப்பாடா. ஒக்காருங்க சார்.

எனக்கு எப்படித் தெரியுமா? பட்டாளத்துல கூலி வேலை பாத்தேன். அந்தக் கல்லுக்கு மொதமொதச் சுண்ணாம்பு அடிச்சதே நான்தாங்க. இப்பவும் ஆடிக்கு ஆடி நான்தான் அடிக்கிறேன். அவ பக்கத்துல வாளியப் புடிச்சுக்கிட்டு நிப்பா.

அந்தா, அவதான் வர்றா, உங்களுக்கு மோரு எடுத்துக்கிட்டு. அவ கேட்டா பாம்புன்னு சொல்லிடுங்க சார்.