ஒன்பது தப்படி

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கிரிக்கெட்டை விடச் சின்ன வெங்காயத்துக்குத்தான் செய்தி மதிப்பு அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை, இன்ஸ்பெக்டர் சார். வெங்காயத்தைச் சாப்பிடலாம்.

முப்பத்தொரு வருஷம் ஒரு நாளிதழில் பகுதி நேர நிருபராக இருந்தேன். போட்டிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். நாலு வரி வரும். அதிலும் இரண்டு வரி, பரிசு கொடுத்தவரின் பட்டங்கள். நான் ஒரு நாளும் மட்டையைப் பிடித்ததில்லை. பிடித்தவர்கள் எழுதுவதில்லை என்பதால் வரலாறு என் கைக்கு வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களின் கிரிக்கெட்டையும் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி முடித்தேன். நன்றியுரை மட்டும் பதினொரு பக்கம்.

முடித்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. இத்தனை பக்கத்திலும் யாருமே சாகவில்லை. எல்லோரும் மளிகைக் கடை வைத்து, சர்க்கரை வியாதி வந்து, சௌக்கியமாக இருந்தார்கள். வரலாறு என்றால் ஒருவராவது கவனிப்பாரற்றுச் சாக வேண்டும். செல்லப்பன் பொருந்தினார்.

ஆண்டிமடத்துக்காரர். முந்திரித் தோப்பில் கூலி வேலை. ஜெயங்கொண்டத்தில் ஒரு இறுதி ஆட்டத்துக்கு ஆடுகளத்தின் மேல் கயிற்றுப்பாய் விரிக்க வந்தவர், ஆள் குறைந்ததால் பந்து போட்டு, இடது கைச் சுழலில் எட்டு விக்கெட் எடுத்தார். அவரைப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஏறி ஆண்டிமடம் போய் விசாரித்திருக்கலாம். மேஜையில் உட்கார்ந்தபடியே சாகடித்தேன். சுடுகாட்டில் நாலே பேர், கிரிக்கெட் உலகின் சார்பில் கையில் பந்தோடு நான் ஒருவன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

கல்யாண மண்டப ராசாங்கமும் படித்துவிட்டு அழுதார். கையோடு ‘செல்லப்பன் நினைவுக் கோப்பை’ அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் இறுதி ஆட்டம். அதே மேடையில் எனக்கு ‘வரலாற்றுச் செம்மல்’ பட்டம். போஸ்டரில் ராசாங்கம் ஆளுயரம், நான் மார்பளவு, செல்லப்பன் தபால் தலை அளவு.

வியாழக்கிழமை காலையில் வாசலில் ஒரு குரல்.

“சுதர்சன் சார் வூடு இதானுங்களா?”

“ஆமா. நீங்க?”

“நீங்க எரிச்சீங்களே சார், அந்தச் செல்லப்பன்.”

இத்தனை வருஷமும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்திருக்கிறார். கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

“எம் மவ வெற்றிச்செல்வி ஜெராக்ஸ் கடையில வேல பாக்குது. அதுதான் படிச்சுக் காட்டுச்சு. அழுதுட்டேன் சார். தன் சாவுக்குத் தானே அழுவுற பாக்கியம் எவனுக்குக் கெடைக்கும்? ஞாயித்துக்கெழம நானே வந்து கப்பக் குடுத்துடறேன். செத்தவன் கையால வாங்குனா பயலுவளுக்கும் ஒரு குஷிதானே?”

“அடுத்த வருஷம் குடுங்களேன்.”

“அதுவரைக்கும் இருக்கணும்ல?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு சார். ஒம்போது தப்படி ஓடி வந்து போடுவேன்னு எழுதிட்டீங்க. எனக்கு ஆறுதான். செத்ததக்கூடப் பொறுத்துக்கிட்டேன், இது பொறுக்கல.”

மேடையில் ராசாங்கத்துக்குப் பக்கத்தில் இவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பார்கள். முப்பத்தொரு வருஷமும் சிரிப்பாகிவிடும். அடுத்த பதிப்பின் அட்டைக்குப் படம் எடுக்கிறேன், மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலமே அரியலூருக்கு வெளியே கைவிடப்பட்ட அந்தச் சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குப் போனேன். இடம் நன்றாகத்தான் இருந்தது; வெள்ளைப் பாறை, ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பள்ளம் இருப்பது அவருக்குத் தெரியும். ஆறு தப்படிக்கு இடம் இருக்கிறதா என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான், தரையில் போட்டிருந்த கோட்டில் நின்றார். முகம் படத்தில் விழ வேண்டும், என்னைப் பார்த்தபடியே பின்னால் எண்ணிக்கொண்டு போங்கள் என்றேன். ஆறில் நின்றார்.

“அவ்வளவுதான் சார் நம்ம ஓட்டம்.”

“புத்தகத்துல ஒன்பதுன்னு இருக்கு. படத்துக்காகவாவது இன்னும் மூணு வைங்க.”

“எடம் இருக்குங்களா?”

“இருக்கு.”

“சரி, ஒங்க ஒம்போதே இருக்கட்டும். எழுதுனவரு நீங்க.”

ஏழு என்றார். எட்டு என்றார்.

படம் எடுக்கும்போது கால் இடறி விழுந்தார் என்று நீங்களே எழுதினீர்கள். பத்திரிகையில் ‘கூலித் தொழிலாளி பலி’ என்று பெயரில்லாமல் நாலு வரி வந்தது; ராசாங்கத்துக்குச் சந்தேகம் வரவில்லை. சனிக்கிழமை ஆண்டிமடம் சுடுகாட்டில், எழுதியிருந்தபடியே கையில் பந்தோடு நின்றேன். நாலு பேர் என்று எழுதியது மட்டும் தப்பாகிவிட்டது. ஊரே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வெற்றிச்செல்வி வந்திருந்தாள். சால்வையோடு நான் இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கடசியா அப்பா எத்தன தப்படி வச்சாருங்க சார்?”

கையில் என் புத்தகத்தை வைத்திருந்தாள். நான் எப்படி ஆறு என்று சொல்வேன்? ஒன்பது என்றேன். அவள் அழவில்லை. நேரே பள்ளத்துக்குப் போய், கோட்டிலிருந்து விளிம்பு வரை நடந்து பார்த்துவிட்டு, உங்களிடம் வந்திருக்கிறாள். எட்டுத் தப்படிதான் இருக்கிறது என்கிறாள்.

சரியாகத்தான் சொல்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். போட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆறுதான் என்று அவர் உறுதியாக நின்றிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பார். நான் அவரைத் தொடக்கூட இல்லை. எட்டு வரைக்கும் அவர்தான் எண்ணினார். ஒன்பதை மட்டும் நான் சொன்னேன்; புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.