சுவரோரம் இரண்டு கட்டைகள்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

லாரியின் ஏர் பிரேக்கைப் பலர் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். காற்று போனால் நிறுத்திய வண்டி ஓடிவிடும் என்று பயப்படுவார்கள். உண்மை நேர்மாறு. நிறுத்தும் பிரேக்குக்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று உண்டு. சக்கரத்தைப் பிடிப்பது அதுதான். காற்று அதை அமுக்கினால்தான் சக்கரம் உருளும். இவ்வளவு நம்பகமான ஏற்பாட்டை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

பிரேக்கைச் சோதிக்க இருவர் வேண்டும். வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்றேற்றி, ஸ்பிரிங்கின் பிடியை விடுவிக்க வேண்டும். ஒருவர் மேலே பிரேக்கை மிதிப்பார். மற்றவர் கீழே படுத்து, பிரேக் தண்டு எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார். எங்கள் பட்டறையில் மேலே நான், கீழே தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, தங்கையை அழைத்துப்போகக் கிளம்பினார். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரி வளர்த்தவன் நான். அவளோ பாடிக்கொண்டே துணி மடித்தாள். எனக்கு வயிறு எரிந்தது; மறைக்கவில்லை.

அது அவர் கைவைத்த கடைசி லாரி. பட்டறைத் தரை வாசல் பக்கம் சரிவு; லாரியின் பின்புறமும் வாசல் பக்கம்தான். பின்சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கேட்டார்.

"கட்டை வச்சாச்சா மச்சான்?"

"வச்சாச்சு மாப்ள."

அது பொய்யில்லை, ஐயா. கேட்டபோது முன்சக்கரங்களில் இரண்டு கட்டைகளும் இருந்தன. அவருக்குத் தெரியாமல் பிறகுதான் எடுத்தேன். எடுத்ததைச் சுவரோரம் அதனதன் இடத்தில் வைத்தேன். போட்டது போட்டபடி கிடந்தால் எனக்குப் பிடிக்காது. ஏறி உட்கார்ந்து மிதித்தேன், ஸ்பிரிங்கின் பிடியை விடுவித்தேன்.

"அளவு சரியா இருக்கு மச்சான். காலை எடுங்க."

எடுத்தேன். லாரி பின்னால் உருண்டது. அவர் சொன்னதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கை முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். கொடுக்கட்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், தானாகவே ஆறும். ஊருக்குப் போகும் பேச்சும் இப்போது இல்லை. அவள் என்னிடம்தான் வருவாள், ஐயா. இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?