கரி குடிக்காத காற்று

கருவாட்டுப் பெட்டியை நீட்டி முகர்ந்து பாருங்கள் என்று சொன்னால், யாராக இருந்தாலும் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு சிரித்துக்கொண்டே குனிவார்கள். வாடை இருக்காது. என் பிழைப்பே அந்த ஒரு நொடிதான், இன்ஸ்பெக்டர் மாதவி. பெட்டாலிங் ஜெயாவில் கேம்பர் வேன் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் ஒரு மேசை போடுவேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி, மேலே என் கரி ஃபில்டரைப் பொருத்திவிடுவேன். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று முகர்ந்துவிட்டுப் போவார்கள். பரமேஸ்வரன் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. கரி அங்கிள் என்றால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும்.

உங்கள் அறையில் ஏர்கோன் காற்றில் லேசாகப் பூஞ்சை வாடை அடிக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததுமே மூக்கு கண்டுபிடித்துவிட்டது, தொழில் பழக்கம். கழுவச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

கேம்பர் வேன் என்பது சக்கரம் வைத்த ஒற்றை அறை. அடுப்புக்கும் படுக்கைக்கும் இரண்டடி. ஈரத் துண்டு, காலணி, நேற்றைய சம்பால் மிளகாய்க் குழம்பு, மூலையில் கழிப்பறை. இத்தனை வாடைக்கும் நடுவில்தான் புருஷன் பெண்டாட்டி தூங்க வேண்டும். என் பெட்டியில் ஒரு காற்றாடி உண்டு. அது உள்ளே இருக்கும் காற்றை இழுக்கும். முதலில் ஒரு துணி, அது தூசியையும் புகையையும் பிடித்துக்கொள்ளும். அடுத்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, வாடை போய் அதில் ஒட்டிக்கொள்ளும். பில் எழுதும்போது ஒவ்வொருவரிடமும் மறக்காமல் ஒன்று சொல்வேன். இது வாடையைத்தான் எடுக்கும், விஷக் காற்றை எடுக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, அது கரிக்குள் புகுந்து அப்படியே வெளியே வந்துவிடும். அதற்குத் தனியாக ஓர் அலாரம் மாட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருபது வருடமாக இதை ஒரு நாளும் மறைத்ததில்லை.

தாமரை அந்த மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவாள். அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா தவறிவிட்டாள். அதற்கப்புறம் கிள்ளான் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்காகச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். கோணலாக இருக்கிறதென்று பள்ளி வேனில் ஏறும்வரை திட்டிக்கொண்டே போவாள். நாங்கள் நிறையச் சிரித்த வீடு அது, இன்ஸ்பெக்டர்.

இருபத்தாறு வயதில் யுகேந்திரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிற பையன். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நானூறு பேருக்கு மண்டபம் எடுத்துக் கல்யாணம் பண்ணி வைத்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். தங்கமான பையன். என் மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவான். செத்தவனைப் பற்றிக் குறை சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் சொல்வதற்கு எதுவும் இல்லை.

போன தீபாவளி முடிந்து ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"மாமா, ஒரு வருஷம் சுத்தப் போறோம். தாய்லாந்து வரைக்கும். அப்புறம் எந்த ஊரு பிடிக்குதோ அங்கயே செட்டில் ஆயிடுவோம் லா."

நான் தாமரையைப் பார்த்தேன். "நீயும் போறியா?"

"போறேன் பா. நான் இல்லாம அவரு மட்டும் போயி என்ன பண்ணுவாரு?"

"அப்ப நான்?"

"நீங்க ஃப்ளைட் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போங்க பா, ஜாலியா இருக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் வீட்டில் இருந்த நேரமெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தாமரை வீட்டைவிட்டுப் போகக் கூடாது.

வேனுக்குள் எல்லா வேலையும் நானே செய்தேன். ஃபில்டர் இரட்டை அடுக்கு, யாருக்கும் அப்படிப் போட்டுக் கொடுத்ததில்லை. "மாமா போடுற போடுல அந்த நாத்தம் பிடிச்ச டுரியான் பழத்து மரத்தையே உள்ள நட்டு வைக்கலாம் போல" என்று யுகேந்திரன் கிண்டல் செய்தான். அலாரமும் மாட்டினேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நடுவில் முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தாள். தனியாகக் கடையைப் பார்க்க முடியவில்லை என்றேன். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட பேசிட்டேன் பா. தினமும் மத்தியானம் டிபன் கேரியர்ல சோறு குடுத்துடுவாங்க. நீங்க கவலையே பட வேணாம்."

மகளுக்குப் பதிலாக ஒரு டிபன் கேரியர். அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

சனிக்கிழமை காலையில் புறப்பாடு. யுகேந்திரன் வியாழன் இரவோடு வேலையை முடித்துக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை பகலில் வாசலில் நின்ற வேனிலேயே படுத்துவிட்டான். ஒரு வாரமாக அப்படித்தான், பழகிக்கொள்ள வேண்டுமாம். மழை வேறு பிடித்துக்கொண்டது, ஜன்னல்களை நன்றாகச் சாத்தியிருந்தான். புது வண்டி கிளம்பும் முன்னால் நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சாம்பிராணி, முன்னால் மாலை, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். தாமரையேதான் என்னைப் போடச் சொன்னாள். "உங்க கைதான் பா ராசி" என்றாள்.

பக்கத்துக் கடையில் எலுமிச்சை வாடிப் போயிருக்கும், லிட்டில் இந்தியாவுக்குப் போய் நல்லதாக நாலு வாங்கி வா, மாலையும் பார்த்து வாங்கு என்று அனுப்பினேன். வெள்ளிக்கிழமை, மழை, கிள்ளான் ஜாம். அவள் திரும்ப எத்தனை நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் ஒரு மூச்சுக் காற்றுகூடப் படக் கூடாது, அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

தூபக்கால் சின்னது. அதனால் பழைய இரும்புச் சட்டியிலும் கரி போட்டுக் கனிய வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் அவன் பாதிக் கண்ணைத் திறந்தான்.

"சாம்பிராணியா மாமா?"

"நீ தூங்கு. தாமரை வந்ததும் எழுப்புறேன்."

"புகை அடிக்காதா?"

"ஃபில்டர் எதுக்கு இருக்கு?"

"ஆமா லா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாவம், அவன் என் மேசைப் பக்கம் நின்று ஒரு நாளும் என் வியாபாரப் பேச்சைக் கேட்டதில்லை. தூபக்காலையும் சட்டியையும் உள்ளேயே வைத்துவிட்டு, காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசமே தெரியவில்லை. இல்லாவிட்டால் இருமிக்கொண்டு எழுந்து வந்திருப்பான். அலாரத்தைக் காலையிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். கதவை மெதுவாகச் சாத்தினேன், தூக்கம் கெடக் கூடாதில்லையா. அப்புறம் ஹாலில் உட்கார்ந்து பால் ஊற்றாமல் ஒரு தே ஓ போட்டுக் குடித்தேன். மழை நன்றாகப் பெய்தது.

தாமரை வந்தாள். பழங்கள் அருமையாக இருந்தன. நாலு சக்கரத்துக்கும் அவளே வைத்தாள். பிறகு அவனை எழுப்பக் கதவைத் திறந்தாள். அதற்கு மேல் உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது.

எல்லாரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். ஆசையாகச் சாம்பிராணி போடப் போய் இப்படி ஆகிவிட்டதே அங்கிள் என்று தெருவே என்னைத் தேற்றியது. நான் அழுதது நடிப்பில்லை, எனக்கு அவனைப் பிடிக்கும். அப்பா தெரியாமல் செய்துவிட்டார், அவரைக் குற்றம் சொல்லாதே என்று சொந்தக்காரர்கள் தாமரையிடம் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். கருமாதி முடிகிறவரை எனக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பழையபடி இரண்டே பேர். அந்தப் பதினாறு நாளும் வீடு நிறைவாக இருந்தது.

பதினேழாம் நாள் துணி துவைக்கப் போனவள் என் சட்டையோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"கதவைத் திறந்தப்ப சாம்பிராணி வாசமே இல்ல பா."

"நல்ல ஃபில்டர்மா அது" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"வாசம் போயிடும். மத்தது போகாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க." கையை விரித்தாள். உள்ளே அலாரம் இருந்தது. பையைப் பார்க்காமல் நான் சட்டையை அழுக்குக் கூடையில் போட்டிருக்கிறேன். "இது ஏன் பா உங்க பையில?"

அவள் கத்தவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். புத்திசாலிப் பெண். என் பிள்ளை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், வக்கீல் வேண்டாம். ஒரே ஓர் உதவி. அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரோ தோழி வீட்டில் இருக்கிறாளாம். அங்கே எதற்கு இடைஞ்சலாக? வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவள் அறையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறேன், வேனையும் உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் சரி, அவள் அங்கேதான் இருப்பாள். கோபம் எத்தனை நாளைக்கு? அம்மாவும் இல்லை, புருஷனும் இல்லை. இனிமேல் அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.