படகின் மேல்மூடி

மரவேலையில் மூடி செய்வதுதான் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கதவுக்கு நிலை இருக்கிறது, ஜன்னலுக்குச் சட்டம் இருக்கிறது. மூடிக்கு அது உட்காரும் வாய்தான் எல்லாம். வாய் கோணலென்றால் மூடியையும் அதே கோணலில்தான் செய்ய வேண்டும்.

என் பெயர் கருப்புசாமி. ஊர் ஹனூர்ப் பக்கம். மைசூரில் தச்சுவேலை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம், நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். தலை நரைத்த பிறகு படித்த எழுத்து, என் தங்கை மாதேவி சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் அவளைக் குறை சொல்ல வேண்டாம்.

யாதவகிரியில் ஓர் எஜமானரிடம் பழைய பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. மழை ஓய்ந்தால் அணைத் தண்ணீரில் ஓட்டுவார். இந்த முறை லாரியில் திருப்பிக் கொண்டுவரும்போது மேல்தளத்து மூடி காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஓர் ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுர ஓட்டை, அதற்கான மூடி. புதிதாகச் செய்துபோட என்னையும் சென்னப்பனையும் கூப்பிட்டார்.

சென்னப்பன் மாதேவியின் புருஷன். மேட்டூர்க்காரன். இரண்டு பேரும் என்னிடம் சொல்லாமல் மாதேஸ்வரன் மலையில் தாலி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். நான் கோபப்படவில்லை. மாதேவியை மட்டும் கொஞ்சம் அடித்தேன். அப்பன் ஆத்தாள் இல்லாமல் தூக்கி வளர்த்தவன் அடித்தால் அது அடியில் சேராது. அவள் கையைக் குறுக்கே வைத்தாள், அதனால்தான் எலும்பு விலகியது. கட்டுப்போடக் கூட்டிப்போனதும் நான்தான். பிறகு சென்னப்பனுக்கு வேலை கொடுத்து, இருவரையும் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பெண்பிள்ளை கண்ணெதிரே இருக்க வேண்டும்.

அவன் நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் ஓயாது. எஜமானர் பறந்துபோன மூடிக்காக வருத்தப்பட்டபோது, "போனது மூடிதானுங்களே, கோவணம் போயிருந்தாத்தான் வெக்கம்" என்றான். தமிழ் தெரியாத எஜமானர் என்னைப் பார்த்தார். நன்றாகச் செய்துதருவதாகச் சொல்கிறான் என்று கன்னடத்தில் சொல்லிவைத்தேன்.

படகின் தளம் நடுவில் மாட்டு முதுகுபோல உயர்ந்து இருபுறமும் சரியும். தட்டைப் பலகை போட்டால் மூலை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். அட்டையில் அச்சு வெட்டி, தேக்குச் சட்டத்தை அந்த வளைவுக்கு இழைத்து, மேலே பிளைவுட் ஒட்டினோம். பின்பக்க வாசலும் சொத்தையாகியிருந்தது. அதைப் பலகை வைத்து ஆணியடித்து அடைத்தோம். உள்ளே போகவர அந்த ஓட்டை ஒன்றுதான் மிச்சம்.

அன்றைக்கு அவன் உள்ளே நின்று ஓட்டையின் உள்விளிம்புக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தான். காலடியில் தின்னர் டின். நான் மேலே மூடியின் அடியில் ரப்பர்ப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள."

"இந்த மூடி முடிஞ்சா நாங்க திருப்பூர் போறமுங்க. பனியன் கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலை இருக்குதாமா."

"மாதேவிக்குத் தெரியுமா?"

"அவ சொல்லித்தானுங்க கெளம்பறதே. உங்ககிட்டச் சொல்லத்தான் பயந்துக்கிட்டுக் கெடக்கறா. அடி விழுந்தா எனக்கே விழுகட்டும்னு நான் சொல்லிப்போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

திருப்பூரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? காய்ச்சல் என்றால் யார் பார்ப்பார்கள்? இதையெல்லாம் நிதானமாகத்தான் யோசித்தேன். யோசித்து முடித்தபோது மூடி வாயில் உட்கார்ந்திருந்தது. நான் மூடியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"வெளையாடாதீங்க மச்சான், கண்ணு எரியுது" என்றான். டின் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு தலையால் முட்டினான், தோளால் முட்டினான். மூடி ஒருமுறை எழும்பியது. நான்கு விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பிடித்தன. ரப்பர் அப்போதுதான் ஒட்டியது, விரல் பட்டால் பிசகிவிடும். கொட்டாப்புளியை எடுத்துத் தட்டினேன். உளியைத் தட்டுகிற வேகம்தான், அதற்கு மேல் இல்லை. எலும்பு உடைவது பச்சைக் குச்சி முறிகிற மாதிரிதான் கேட்கிறது. இரண்டு விரல்கள் உள்ளே போகவில்லை. இன்னொரு தரம் தட்ட வேண்டியதாயிற்று. துணியால் விளிம்பைத் துடைத்தேன். பீடி குடிக்கலாம் போலிருந்தது. உள்ளே தின்னர் கொட்டிக் கிடக்கிறதே என்று குடிக்கவில்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவன் "மூச்சு, மூச்சு" என்று கத்த ஆரம்பித்தான். எஜமானர் வீட்டுக் கேட்டில் இருந்த வாட்ச்மேன் சிக்கண்ணாவுக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் காதில் அது 'முச்சு' என்று விழுந்திருக்கிறது. கன்னடத்தில் முச்சு என்றால் மூடு.

"முச்சு அந்தானெ, முச்சப்பா" என்று அங்கிருந்தே சிரித்தார். மூடு என்கிறானே, மூடேனப்பா என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். மூடித்தானே இருந்தது.

சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் படிய நேரம் வேண்டும்.

சிக்கண்ணா உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவனே முச்சு முச்சு என்று கத்தினான் சார் என்றார், அவர் கேட்டது அதுதான். மூடும்போது விரல் நசுங்கிவிட்டது என்று நான் சொன்னேன். தின்னர் வாடையின் ஆபத்துத் தெரியாத கூலியாள் என்று நீங்கள் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டீர்கள். உங்கள்மேலும் தப்பில்லை.

சென்னப்பனின் காரியம் முடிந்து நானும் மாதேவியும் வீடு திரும்பினோம். சிக்கண்ணா சொன்னதை மாதேவியும் கேட்டிருந்தாள். அழவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் என் எதிரே வந்து நின்றாள்.

"ஏண்ணா, அவருக்குக் கன்னடத்துல தண்ணி கேக்கக்கூடத் தெரியாதே. மூடச் சொல்ல மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"மூச்சுன்னுதானே கத்துனாரு? உனக்குத் தமிழ் மறந்துபோச்சா?"

சேலையை உதறிக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். இருட்டுகிற வேளையில் பெண்பிள்ளை தனியாகத் தெருவில் போவதாவது. பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு என் மடியில் உட்காரவைத்தேன். திமிறினாள், என் கையைக் கடித்தாள். காலால் உதைத்ததில் தண்ணீர்க்குடம் உருண்டது. கையை இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

சென்னப்பனைக் கொன்றது நான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மாதேவி விஷயம் வேறு. அவளைப் பாய் விரித்துப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு வந்திருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறாள். இனித் திருப்பூர் என்று பேச மாட்டாள்.

வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்திருக்கிறேன். போகிற போலீஸ்காரர்களைப் பூட்ஸ் சத்தம் இல்லாமல் போகச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் என் வீட்டில் அவளுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.